அக்கா ரத்தமும் தன் ரத்தமும்

“ஹலோ... அக்கா? உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்களா?... வார்டுலதானா? அப்பாடா.”

பரிசோதனைக் கூடத்து நடைவழியில் கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள் தங்கை. ஏழு தடவை கூப்பிட்டு எட்டாவது தடவைதான் அக்கா எடுத்திருந்தாள்.

“இன்னைக்கு மண்ணீரலை எடுக்க வேண்டாம்... ஆமா, ஆமா, பட்டினியா இருக்கே, தெரியும்... லீவு மறுபடி கிடைக்காது, சரி... எடுக்கலாம்னு நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் வேண்டாங்கறேன்.”

அக்காவுக்குப் பல வருஷமாக ரத்தசோகை. சிவப்பணுக்கள் சீக்கிரமே அழிந்துபோயின. அவற்றை அழிக்கும் மண்ணீரலை எடுத்துவிடலாம் என்றார் அறுவை மருத்துவர். அதற்கு முன், அணுக்களின் சவ்வு வழியாகக் கால்சியம் கசிகிறதா என்று பார்த்துவிடச் சொன்னார். இரண்டு வாரத்துக்கு முன்பு பார்த்து, கசிவில்லை என்று கையெழுத்துப் போட்டவள் இந்தத் தங்கைதான்.

“குழப்பலைக்கா... அணுவைச் சுத்தி ஒரு தோல் இருக்குல்ல, அது கால்சியத்தை உள்ளே விடக் கூடாது. கொஞ்சம் நுழைஞ்சாலும் அணுவே வெளியே தள்ளிடும். உனக்குத் தள்ளறதைவிட நுழையறது அதிகம். அதனால தண்ணி வெளியேறி அணு சுருங்கிப்போகுது... ஐயோ, நீ குடிக்கிற பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை... கேளேன். இப்படி இருக்கறவங்களுக்கு மண்ணீரலை எடுத்தா பின்னாடி ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கும். நுரையீரல்ல அடைச்சா உயிருக்கே ஆபத்து... அக்கா, வைக்காதே.”

சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டாள். இதற்கு மேல் மறைக்க வழியில்லை.

“எப்படித் தப்பாச்சுன்னா... சொல்றேன். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேணும். யாரைப் போய்த் தேடறதுன்னு என் கையிலேயே குத்தி எடுத்துக்கிட்டேன்... ஆமா, என்னுதுதான். ரெண்டும் ஒரே அளவு வந்துச்சு. அதனால உனக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டேன்.”

இன்று காலை வேறொரு நோயாளியின் சோதனைக்காகக் கூடத்து ஓட்டுநர் ரத்தம் கொடுத்தார். அவர் ரத்தத்தில் கால்சியம் நுழைந்த அளவு, தங்கையின் ரத்தத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முதலில் கருவியைத் திட்டினாள். கரைசலைப் புதிதாகக் கலந்தாள். மூன்று தடவை அளந்தாள். அதன் பிறகுதான் கோளாறு எங்கே என்று உறைத்தது.

“...ம்... எனக்கும் அதே கசிவுதான்... இல்லக்கா, எனக்கு லேசாத்தான் இருக்கணும், இத்தனை வருஷம் தெரியவே இல்லையே... அழாதே. முதல்ல டாக்டரைக் கூப்பிடு.”

அதுவரை வாதாடிய அக்கா உடனே எழுந்துவிட்டாள். கட்டில் கிறீச்சிட்டது, செருப்பில்லாத கால்கள் வேகமாக நடந்தன, ஒரு கதவு தட்டப்பட்டது.

“...வணக்கம் சார்... ஆமா, அந்த அறிக்கை தப்பு. தப்பு என்னோடதுதான்... இப்பவே எழுதி அனுப்பறேன், கையெழுத்தோட... ஆமா சார், அக்காவோட அளவை ஓட்டுநரோட அளவோட ஒப்பிட்டு... அப்ப நிறுத்திடறீங்களா?... சரி சார். சரி.”

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுமுனையில் மறுபடியும் அக்கா.

“...திட்டு. நல்லாத் திட்டு... ம்... என்னது? என்னையும் இதே டாக்டர்கிட்ட காட்டறதுக்குச் சீட்டு போடறியா? இன்னைக்கேவா? இங்கே வேலை தலைக்கு மேல... அக்கா, நான் சொல்றதை...”

அக்கா வைத்துவிட்டாள்.