நுரை அடங்க ஐந்து நிமிடம்

நரம்பு தேடும் நற்கரமே! நுரை நோக்கும் நுண்விழியே! நாற்காலி நாடாத நடைக்காலே! இருபத்தேழு ஆண்டுகள் எங்கள் மருத்துவமனையில் ஓடி, நடந்து, மறுபடியும் ஓடி, இன்று மாலை ஐந்து மணியோடு பணி நிறைவு பெறும் எங்கள் தலைமைச் செவிலியே! சிஸ்டர் நமுகோலோ அவர்களே! வணக்கம்.

இம்மடல் பெரிய கூடத்தில், பலூன்களுக்கும் கேக்குக்கும் நடுவே, இரண்டு மணிக்கு வாசிக்கப்பட வேண்டியது. இப்போது மணி இரண்டு ஐம்பது. அக்டோபர் வெயிலில் கேக் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. இயக்குநர் டையைத் தளர்த்திக்கொண்டு இந்த டிரிப்ஸ் அறை வாசலில் நிற்கிறார். நோயாளிகளுக்கான மூன்றாம் நாற்காலியில் உங்களைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்திருக்கிறோம். இந்த அறை தொடங்கிய பதினோரு ஆண்டுகளில் நீங்கள் அதில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

"அஞ்சே நிமிஷம். நுரை அடங்குற வரைக்கும்தான். அப்புறம் யார் என்ன படிச்சாலும் நான் எந்திரிச்சிடுவேன்" என்று, மருந்துக் குப்பிகளைக் கரைத்து வைத்த கையோடு சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே வேகமாக வாசிக்கிறோம்.

தட்டச்சு செய்த மடலில் "பொறுமைக் கடலே!" என்று ஒரு வரி இருந்தது. இன்று காலை உங்களைப் பார்த்த எவரும் அதை நம்பமாட்டார்கள் என்பதால் அடித்துவிட்டோம். சன்னலுக்கும் வாசலுக்குமாக நீங்கள் நடந்த நடையில் கஃபுவே ஊருக்கே போய், இன்று மருந்தேற்ற வர வேண்டிய முவாக்காவைக் கையோடு கூட்டி வந்திருக்கலாம். இயல்பிலே அவசரக்காரரான உங்களுக்கு, உலகத்திலேயே அவசரம் ஆகாத வேலை வாய்த்தது எங்கள் பாக்கியம்.

உடல் தன்னையே பகையென்று எண்ணித் தன் மூட்டுகளைத் தானே தின்னும் நோய்க்கு, உயிருள்ள செல்களில் விளைந்த மருந்து இது. குளிரில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. நீர் விட்டுச் சுழற்றிக் கரைக்க வேண்டும், குலுக்கக் கூடாது; நுரை அடங்க ஐந்து நிமிடம் விட வேண்டும். சொட்டுச் சொட்டாய் இரண்டு மணி நேரம் ஏற்ற வேண்டும். இத்தனை மெதுவையும் உங்கள் கைக்குள் அடக்கிக்கொண்டு, கால்களால் மட்டும் ஓடினீர்கள்.

இம்மடலை எழுதி வாசிக்கும் மருந்தாளர் ஹமூங்கா, பணிக்கு வந்த முதல் மாதத்தில் ஒரு குப்பியை இருமல் மருந்தைப் போலக் குலுக்கினார் என்பதை இங்கே எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்கிறார். குப்பி முழுதும் நுரை. "டோங்கா ஆளு கையில குப்பியைக் குடுத்தது என் தப்பு. தயிர் கடையற குடுக்கைன்னு நினைச்சிட்டாரு" என்றீர்கள். "மீன் தின்னி லோசிக்கு மருந்தைப் பத்தி என்ன தெரியும்" என்று அவர் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். டோங்கா, லோசி என்ற நம் இரு இனங்களுக்கும் ஒன்றையொன்று கேலி செய்யும் உரிமை உண்டு. அந்த மருந்து வீணாகி, ஒரு பெண்மணி மருந்தின்றி வீடு திரும்பினார். அவருடைய முகத்தைப் பார்க்கும்படி ஹமூங்காவை வாசல் வரை வழியனுப்ப வைத்தீர்கள். அதற்குப் பின் அவர் எதையுமே குலுக்குவதில்லை, தக்காளி சாஸைக்கூட.

அந்த வருடம்தான் நீங்கள் ஜோடி நோட்டைத் தொடங்கினீர்கள். மருந்தோ எடைக்குத் தக்கபடி. குப்பியோ ஒரே அளவு. வெல்டர் கபாசாவின் முதுகுக்கு இரண்டரைக் குப்பி வேண்டும். கருவாடு விற்கும் முவாக்காவின் விரல்களுக்கு ஒன்றரை. தனித்தனி நாளில் வந்தால் இரண்டு அரைக் குப்பி குப்பைக்குப் போகும். சேர்ந்து வந்தால் நான்கு குப்பியில் ஒரு துளி வீணில்லை. இப்படிப் பதினோரு ஜோடிகளைச் சேர்த்து வைத்தீர்கள். கல்யாணத் தரகர்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்கமாட்டார்! இருவரும் வந்து நாற்காலியில் உட்காரும்வரை எந்தக் குப்பியின் மூடியும் திறக்கக் கூடாது என்று சட்டமும் போட்டீர்கள்.

இன்று அந்தச் சட்டம் எங்கள் எல்லோரையும் ஆட்டி வைத்தது. குளிர்பெட்டியில் இருந்தவை நான்கே குப்பிகள். அடுத்த சரக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கபாசா எட்டு மணிக்கே வந்துவிட்டார். உட்கார்ந்தால் முதுகு இறுகும் என்று அவரும் உங்களோடு சேர்ந்து நடந்தார். முவாக்கா வரவில்லை. இன்று ஆறு மணிக்கு மின்சாரம் போனால் காலைவரை வராது, குளிர்பெட்டியும் நின்றுவிடும். ஏற்ற இரண்டு மணி நேரம், ஏற்றியபின் கண்காணிக்க ஒரு மணி நேரம். மூன்று மணி தாண்டினால் இருவருக்கும் இல்லை.

பதினொன்றரைக்கு முவாக்கா போன் செய்தார். "சிஸ்டர், பஸ் நிறைஞ்சாதான் எடுப்பேங்கறான். இன்னும் நாலு பேர் வேணுமாம்."

"போனை டிரைவர்கிட்ட குடும்மா... தம்பி, அந்தம்மா விரலைப் பாத்தியா? அதால உன் பஸ் கம்பியைக்கூடப் பிடிக்க முடியாது. நாலு சீட்டுக்கும் நானே வந்து உக்காரவா? நான் வந்தா பாட்டு போட விடமாட்டேன், சொல்லிட்டேன்!"

பஸ் கிளம்பியது. வழியில் போலீஸ் மறித்து நிறுத்தியது. ஒன்றரை மணிக்கு ஹமூங்காவால் தாங்க முடியவில்லை. ஒருவருக்காவது முழுதாகக் கிடைக்கட்டும் என்று குப்பியை எடுத்தார்.

"ஹமூங்கா, கையை எடுங்க."

"சிஸ்டர், வந்திருக்கிறவருக்குப் போட்டுடலாம். வராதவங்களுக்காக இவரும் இழக்கணுமா?"

நடையை நிறுத்தினீர்கள். நீங்கள் நின்று பார்த்ததும் எங்களுக்குப் பயம் வந்தது. கபாசாதான் சுவரில் சாய்ந்தபடி சொன்னார்: "மழைக்காலத்துல நான் பாலம் தாண்ட முடியாம நின்னப்ப, அவ இங்க சாயங்காலம் வரைக்கும் சோறு தண்ணி இல்லாம உக்காந்திருந்தா. நான் நிக்கிறேன். விடுங்க."

இரண்டு முப்பத்திரண்டுக்கு முவாக்கா வந்தார். கடைசி அரை மைல் நடந்தே வந்திருக்கிறார். செருப்பைக் கையில் பிடிக்க முடியாமல் முழங்கையில் மாட்டியிருந்தார். கபாசா அவரைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "கருவாடு கொண்டாந்தியா?" என்பது. நீங்கள் சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். நாங்கள் பார்த்துவிட்டோம்.

இந்தப் பத்திகள் நீங்கள் முவாக்காவின் எடை பார்த்த நேரத்தில் தாளின் பின்பக்கம் எழுதப்பட்டவை. மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட வருகிற கடைக்காரர் இந்தக் கையெழுத்தை மன்னிக்க வேண்டும்.

சிஸ்டர், இன்று காலை ஜோடி நோட்டை ஹமூங்காவின் மேசையில் வைத்தீர்கள். "இனிமே இது உங்க தலைவலி" என்று மட்டும் சொன்னீர்கள். ஒன்றரை மணிக்கு அவர் கை எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும்; அவருக்கும் தெரியும். நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வீர்கள் என்று நினைத்தார். நீங்களோ முவாக்கா வந்தபின் அதைத் திறந்து, இன்றைய தேதிக்கு எதிரே அவரையே கையெழுத்துப் போட வைத்தீர்கள். இனி இருவரும் உட்காரும்வரை அவர் மூடி திறக்கமாட்டார் என்று இந்த அறையில் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுக்கிறார்.

நெடுநாள் நலமோடு வாழுங்கள்! உங்கள் தோட்டத்து மரவள்ளி தழைக்கட்டும்! நாங்கள் போர்த்தும் இந்தச் சிட்டெங்கேத் துணி நைந்து கிழியும் நாள் கண்டு, புதிது கேட்டு எங்களைத் திட்டுங்கள்! உங்கள் மூட்டு ஒன்றும் நோகாமல், இந்த நாற்காலியில் நீங்கள் நோயாளியாய் உட்காராமல், நூறு வயதிலும் எங்களை விரட்டுங்கள்!

உங்கள் பணி ஐந்து மணிக்கு முடிகிறது. கண்காணிப்பு ஆறு வரை. அந்த ஒரு மணி நேரம் யார் பார்ப்பது என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை.

ஓய்வெடுங்கள் என்று முடிப்பதுதான் மடலின் வழக்கம். எங்களுக்கு வாய் வரவில்லை. மேசையைப் பாருங்கள், நான்கு குப்பியும் தெளிந்துவிட்டன. எழுந்திருங்கள் சிஸ்டர், நுரை அடங்கிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் நடைக்கு ஈடுகொடுக்க முடியாத
டிரிப்ஸ் அறை, மருந்தகப் பணியாளர்கள்,
லுசாகா.