நாலு மில்லிமீட்டர்

– வேணாம் அண்ணி, கைய எடுங்க. கிரீஸ் ஒட்டிக்கிச்சுன்னா ஒரு வாரத்துக்குப் போகாது.

– ஒட்டட்டும். உங்க அண்ணனுக்கு வாக்கப்பட்டதுக்கப்புறம் படாத அழுக்கா? எந்தப் பக்கம் புடிக்கணும், அத சொல்லு.

– முதல்ல சைக்கிளக் கவுத்துப் போடுவோம். சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில. அடியில அந்தப் பழைய போர்வைய விரிங்க, பெயின்ட் உரிஞ்சுடும்.

– உரியறதுக்கு இன்னும் பெயின்ட் வேற இருக்கா? உன்னைவிட வயசு ஜாஸ்தி இதுக்கு.

– அதான் அழகு. இப்ப புது வீல எடுங்க. பல்சக்கரம் கடைக்காரரே மாட்டிட்டாரா?

– எல்லாம் மாட்டிட்டார். அளவு என்னம்மான்னு கேட்டார். ரெண்டு கையையும் விரிச்சு, இவ்வளவு இருக்கும்னு காட்டினேன்.

– அய்யோ அண்ணி! கோட்டை விட்டுட்டீங்களே. வட்டமெல்லாம் சரிதான். நடுவுல இருக்கற அச்சு அகலம். பாருங்க, பின்னாடி ஃபிரேமோட ரெண்டு காலுக்கு நடுவுல நுழையவே மாட்டேங்குது. நாலு மில்லிமீட்டர் இடிக்குது.

– நாலு மில்லிமீட்டரா? எறும்பு போற இடம்! அதுக்காக உங்க அண்ணன் ஜெயிச்சுடறதா? சாயங்காலம் பழைய இரும்புக்காரர் வந்து நிப்பார். அதுக்குள்ள சக்கரம் ஏறலேன்னா அவர்கிட்ட தூக்கிக் கொடுத்துடுவேன்னு உங்க அண்ணன் காலையிலயே முழங்கிட்டுப் போயிருக்கார். இதப் பாத்துப் பாத்தே நீ கரையறியாம்.

– கொடுக்கட்டுமே. நீங்க ஓட்டப் போறேன்னு சொன்னீங்களேன்னுதான் நான் ஸ்பேனரையே கையில எடுத்தேன். மாட்டித் தர்றேன், ஏற மட்டும் மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.

– உன்ன யாரு ஏறச் சொன்னா? இடிக்குதே, அதுக்கு வழி சொல்லு.

– பழைய எஃகு அண்ணி, விரிஞ்சு கொடுக்கும். நீங்க ரெண்டு காலையும் வெளிப்பக்கமா இழுங்க. நான் வீல இறக்கறேன்.

– ஒடிஞ்சு தொலைக்காதே?

– அன்னிக்கு ஒடிஞ்சது இது இல்லியே.

– ம்... மழை சத்தத்துல வீடே மிதக்குற மாதிரி இருக்கு. மத்தியானமா, விடியக்காலையான்னே தெரியல. ஏண்டி, அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சா?

– அன்னிக்குப் பனி. மலை எறக்கம். மிதிக்கிறத நிறுத்திட்டேன். டிக்டிக்டிக்னு பின்சக்கரம் மட்டும் பேசிக்கிட்டே வந்துச்சு. ரோடு எங்க முடியுது, மேகம் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. எனக்கு எடையே இல்ல அண்ணி. அப்பத்தான் அந்தச் சக்கரத்துக் கம்பி ஒண்ணு பட்டுனு... அப்புறம் கண்ணத் தொறந்தா ஆஸ்பத்திரி ஃபேன் சுத்துது.

– கால் நல்லாயிடுச்சுன்னு டாக்டர் சொல்லி மூணு வருஷம் ஆச்சு.

– கால் நல்லாயிடுச்சு. கனவு நல்லாகல. கனவுல அதே எறக்கம். பின்சக்கரமே இருக்காது, ஆனா சைக்கிள் போகும். அங்க நான் விழறதே இல்ல. முழிச்சாத்தான் விழறேன்.

– பக்கத்து ரூம்ல படுக்கறவளுக்குத் தெரியாதா? உன் கட்டில் கிரீச் கிரீச்சுனு கேக்கும். சரி, மிதிக்கிறா மகராசின்னு நான் திரும்பிப் படுத்துக்குவேன்.

– கேலி போதும், இழுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். செயின சின்னப் பல்லுல போட்டாச்சு... ஆங்! இப்ப மெதுவா விடுங்க.

– போயிடுச்சா?

– போயிடுச்சு! இருங்க, நட்ட முறுக்கிடறேன். ரெண்டு பக்கமும் பிரேக் உரசலியே? இல்ல. நட்ட நடுவுல உக்காந்திருக்கு. எங்க, கையால ஒரு சுத்து சுத்துங்க.

– அடேயப்பா! சுவத்துல பாரேன். கம்பி நிழலெல்லாம் ஆத்துத் தண்ணி மாதிரி ஓடுது.

– பேசாதீங்க அண்ணி. கேளுங்க.

– டிக்டிக்டிக்னு கேக்குது.

– அதே சத்தம்.

– அழறியா?

– ஆமா, அழறேன். கொஞ்ச நேரம் சும்மா விடுங்க.

– அழு. யாரு வேணாம்னா? ஆனா சக்கரம் நிக்கறதுக்குள்ள முடி. மழை விட்டுடுச்சு. தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல.

– புடிங்க, நிமிர்த்துவோம். சீட்ட இறக்கணும், உங்களுக்குக் கால் எட்டாது.

– இறக்காதே.

– எட்டாது அண்ணி. நான் சொல்றேன்ல?

– இருக்கட்டும்னு சொல்றேன்ல? முதல்ல கீழ கொண்டு போவோம். முன்பக்கம் நீ தூக்கு. படியில வழுக்கும், பாத்து.

– ம், வந்தாச்சு. ஏறுங்க. நான் இங்க கேட்டப் புடிச்சுக்கிட்டு நின்னு பாக்கறேன். என்ன, மரம் மாதிரி நிக்கறீங்க? இதுக்காகத்தானே அண்ணன்கிட்ட அவ்வளவு மல்லுக்கட்டினீங்க?

– எனக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாதுடி. நீ ஏறு, நான் பின்னாடி புடிச்சுக்கறேன்.