நாற்பத்தைந்தாவது அடி

நகரத்தில் மனை வைத்திருப்பவர்கள் வீட்டைப் பற்றித்தான் முதலில் யோசிக்கிறார்கள். சமையலறை எந்தப் பக்கம், மாடிப்படி எங்கே, ஜன்னலுக்கு என்ன நிறம் என்று மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். வீடு எங்கே வரக் கூடாது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு, இரண்டு பக்கமும் இவ்வளவு என்று காலியாக விட்டபின் மிஞ்சுகிற இடத்தில்தான் கட்ட முடியும். செட்பேக் என்பார்கள். நான் அந்த விதிகளை வரி விடாமல் படித்தேன். படித்ததால் வந்த வினைதான் இது என்று சொல்லத்தான் இங்கே வந்தேன்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. போன மாதம் நான் கொடுத்த வாக்குமூலத்தை அப்படியே எழுதிக்கொண்டு, ஆறுதல் சொல்லி, தண்ணீரும் கொடுத்து அனுப்பினீர்கள். இப்போதும் உட்காரச் சொல்கிறீர்கள். நின்றுகொண்டே சொல்கிறேனே. ஒரு மாதமாக எனக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறேன். காலில் சக்கரமா கட்டியிருக்கிறது என்று கேட்டுக் கேட்டு என் மனைவிக்கு அலுத்துவிட்டது. குற்ற உணர்ச்சி என்று நீங்கள் நினைத்துவிட வேண்டாம். ஒரு விஷயம் தப்பாக எழுதப்பட்டிருக்கிறது, அது உறுத்துகிறது. அவ்வளவுதான்.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். லிஃப்டின் தரைக்கும் மாடியின் தரைக்கும் நடுவே விரல் கனம் இடைவெளி கூடினாலும் என்னால் அந்த இடத்தை விட்டுப் போக முடியாது. இருபது வருஷமாக ஊரார் வீடுகளில் ஏறி இறங்கிவிட்டு, வாடகை வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒன்பது வீடு மாறியாயிற்று. ஒரு வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, இன்னொன்றில் உறவுக்காரர்கள் தங்கக் கூடாது. எனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்ற நினைப்பு என்னை எந்த வேலையிலும் மனதை ஊன்ற விடவில்லை.

அப்பா ஒரு மனையை எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். முப்பது அடி அகலம், ஐம்பது அடி நீளம். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள், தையல்காரி, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்குப் பின்னாலிருந்த அறையிலேயே குடியிருந்தாள். இத்தனை வருஷமும் மனையைப் பற்றி அவள் வாயைத் திறந்ததில்லை. கடை இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் என்னிடம் வந்து, பாதியைப் பிரித்துக்கொள்ளலாம், ஒரு சின்ன வீடும் முன்னால் மெஷின் போட ஓர் இடமும் இருந்தால் போதும் என்றாள். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

தப்பெல்லாம் விதியில்தான். எங்கள் மனை அளவுக்குப் பக்கத்துக்கு மூன்று அடி விட வேண்டும். முப்பதில் ஆறு போனால் இருபத்து நான்கு அடி அகலத்தில் வீடு வரும். காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு. இரண்டாகப் பிரித்தால் ஆளுக்குப் பதினைந்து. அதிலும் பக்கத்துக்கு மூன்று விட்டால் மிஞ்சுவது ஒன்பது. ஒன்பது அடியில் சுவர்களின் கனமும் போய்விட்டால், கட்டிலைப் போட்டபின் ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். பார்க்கிறவர்கள் ரயில் பெட்டி என்று சிரிப்பார்கள்.

விதிகளைப் படியெடுத்து அவள் கடைக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அவள் மெஷினை நிறுத்தவேயில்லை. சட்டை தைக்கும்போது தையலுக்கென்று ஓரத்தில் துணி விடுகிறோமே, அந்த மாதிரிதானே இது, இதற்கா இவ்வளவு காகிதம் என்று கேட்டாள். ஒன்பது அடி அவளுக்குத் தாராளமாம். முழு வீடாக நானே கட்டுகிறேன், அதில் உனக்கு ஓர் அறை தருகிறேன் என்றேன். அப்போதுதான் மெஷினை நிறுத்தினாள்.

"உன் வீட்டுல ஒரு ரூம் எனக்கு எதுக்குடா? நாளைக்கு நமக்குள்ள ஒரு வார்த்தை முன்ன பின்ன வந்தா நான் எங்க போய் நிக்கிறது? எனக்குன்னு ஒரு கதவு வேணும், தம்பி."

எனக்கும் அதேதான் வேண்டியிருந்தது. அதனால் அவள் சொன்னது நன்றாகவே புரிந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அம்மா போனபின் என்னை வளர்த்தவள் அவள், அவள் மேல் எனக்கு உயிர். ஆனால் அன்றிலிருந்து எங்கே போனாலும் ஒன்பது அடிதான் என் கண்ணில் பட்டது. வேலைக்குப் போகிற இடங்களில் நடைவழிகளைக் கால் வைத்து அளந்தேன். ஒன்பதுக்குக் குறைவாக வந்தால் மூச்சு முட்டியது.

எந்தப் பாதி வேண்டும் என்று அவளையே கேட்டேன். காலை வெளிச்சம் விழுகிற பக்கம் வேண்டும், ஊசியில் நூல் கோக்கக் கண் சிரமப்படுகிறது என்றாள். அந்தப் பாதியில்தான் பழைய கிணறு இருந்தது. தண்ணீர் வற்றி, கைப்பிடிச் சுவர் இடிந்து, நான்கு கனமான பலகைகள் போட்டு மூடியிருந்தோம். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குப் புல்.

பலகைகள் மட்கியிருந்தன, அவள் மிதித்ததும் முறிந்துவிட்டன என்று போன மாதம் சொன்னேன். அவை மட்கவில்லை. முந்தின நாள் மத்தியானம் நானே நான்கையும் எடுத்தேன். இரண்டைக் கல்லில் வைத்து உடைத்து மதிலோரம் சாய்த்தேன், மற்ற இரண்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். எங்கள் தொழிலில் குழியின் மூடியை எடுத்தால் முதல் வேலையாகக் குறுக்கே கயிறு கட்ட வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக்கொடுப்பேன். அன்று கட்டவில்லை. புல்லையும் வெட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவளை வரச் சொன்னேன். அவள் வருவதற்குள் அவள் பாதியில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு வைத்தேன். வீடு எப்படி வரும் என்று அவளே நடந்து பார்க்கட்டும் என்று சொல்லியிருந்தேன். கோடுகளுக்கு நடுவே நடந்து, இங்கே அடுப்பு, இங்கே மெஷின் என்று காட்டினாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பின்பக்கம் ஐந்து அடி விட வேண்டும், ஆகவே பின்சுவர் நாற்பத்தைந்தாவது அடியில் வரும், அதைக் குறிக்கலாம் என்றேன். டேப்பின் பெட்டியை நான் பிடித்துக்கொண்டு முன் எல்லையில் நின்றேன். அவள் நுனி வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டாள். டேப் தொய்யாமல் இருக்க வேண்டும், என்னைப் பார்த்தபடியே பின்னால் போ என்றேன். வாழ்க்கை முழுவதும் டேப் பிடித்தவளுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. கிணறு இருக்கிறதே என்று மட்டும் கேட்டாள்.

"புதுப் பலகை போட்டாச்சுக்கா. தைரியமா மிதி" என்றேன்.

கிணற்றின் விளிம்பு நாற்பத்து நான்காவது அடியில் இருந்தது. நான் கேட்டது நாற்பத்தைந்து. விதியில் இருப்பதற்கு மேல் ஓர் அங்குலம்கூடக் கேட்கவில்லை. பெட்டி என் கையில் வேகமாகச் சுற்றி நின்றது. பழக்க தோஷத்தில் எண்ணைப் பார்த்தேன். எழுபத்தொன்பது. டேப் இரண்டு தடவை அசைந்தது. பலகை முறிந்து விழுந்ததாகச் சொல்ல வேண்டுமென்றால் பலகை உள்ளே இருந்தாக வேண்டும். ஆகவே உடைத்து வைத்திருந்த இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் உள்ளே போட்டேன். பிறகு டேப் அசையவில்லை. அதன்பின்தான் ஓடிப்போய் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டேன். தலையில் பலகை பட்ட காயம் என்று மருத்துவர் எழுதியது சரிதான்.

இருபத்து நான்கு அடிக்குப் பிளான் பாஸாகிவிட்டது. கிணற்றை மூடி அஸ்திவாரமும் போட்டாயிற்று. அங்கே போனால் பத்து நிமிஷம் நிற்க முடியவில்லை. திரும்பி வருகிறேன், மறுபடி போகிறேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். இல்லை, கொஞ்சம் பொறுங்கள். இதுவரை சொன்னதை எழுதினால் விதிதான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டது என்று ஆகிவிடும். முதலில் நானும் அப்படித்தான் சொன்னேன்.

நாற்பத்து மூன்றாவது அடிக்கு வந்ததும் அவள் நின்றாள். ஒரு விஷயத்தை நேரில் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்தாளாம். அவளிடம் துணி தைக்க வருகிற ஓர் இன்ஜினியர் அம்மாவிடம் விசாரித்திருக்கிறாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து மனு கொடுத்தா, நடுவுல பொதுச்சுவர் ஒண்ணு வச்சு ஒட்டிக் கட்டலாமாம்டா. நடுவுல இடமே விட வேண்டாமாம், வெளிப்பக்கம் மட்டும் மூணு அடி. உனக்குப் பன்னெண்டு, எனக்குப் பன்னெண்டு. நீ கஷ்டப்படாம கட்டலாம்."

அந்த விதி எனக்குத் தெரியும். அது நான்காம் பக்கத்தில் இருந்தது. அவளுக்குக் கொண்டுபோன படியில் அந்தப் பக்கத்தை மட்டும் நான் வைக்கவில்லை. பன்னிரண்டு அடி போதாத அளவும் இல்லை. நான் குடியிருந்த ஒன்பது வீட்டில் ஒன்றுகூட அவ்வளவு அகலம் கிடையாது. வெயில் கண்ணில் பட, அவள் கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல யோசனைக்கா, அப்படியே கட்டிடலாம்" என்றேன். "இன்னும் ரெண்டு அடி பின்னாடி போ."

சிரித்துக்கொண்டே போனாள்.