தினமும் செத்த தீபிகாவும் டிபன் கேரியரோடு வந்த அப்பாவும்

எங்கள் கொலைகளுக்கெல்லாம் மனமுவந்து மொட்டைமாடியைத் தந்தவரும், திருமுல்லைவாயில் குடியிருப்போர் சங்கத்தின் தலைவியும், அன்பையும் அதட்டலையும் அளவாகக் கலந்து ஆள்பவருமான இந்த விழாவின் தலைவர் சாமுண்டீஸ்வரி அம்மையார் அவர்களே! படிக்கட்டெல்லாம் படிந்த பொய் ரத்தத்தை முகம் சுளிக்காமல் கழுவிவிட்ட தாய்மார்களே! லிஃப்டுக்குள் பிணம் கிடப்பதைப் பார்த்த பிறகும், "தண்ணி லாரி வந்துடுச்சா?" என்று நிதானம் தவறாமல் கேட்டுவிட்டுப் போன பெரியோர்களே! ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் கிளம்பி, பூந்தமல்லி நெரிசலைப் பொருதி வென்று, இந்தக் கரையான்சாவடி மண்டபத்துக்கு வந்து சேர்ந்த வீரர்களே, வீராங்கனைகளே! நாற்காலி கிடைக்காவிட்டாலும் நகராமல் நிற்கும் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும் ஒரு கொலைகாரனின் கனிவான மாலை வணக்கம்!

கைதட்டுகிறீர்கள். கொலைகாரன் என்று சொன்னால் கைதட்டுகிற ஊரில் பிறந்ததற்குப் பெருமைப்படுகிறேன்.

என் பெயர் அமல்ராஜ். இதே கரையான்சாவடி மெயின் ரோட்டில் மெத்தைக் கடை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் மெத்தை விற்று ஊரைத் தூங்க வைப்பேன். மாலையானால் மேடை ஏறிப் பேசி ஊரைத் தூங்க வைப்பேன். இது என் மனைவியின் கண்டுபிடிப்பு. கோயில் திருவிழாவா, கூப்பிடு அமல்ராஜை! பள்ளி ஆண்டுவிழாவா, கூப்பிடு அமல்ராஜை! யாரும் கூப்பிடவில்லையா? அப்போதும் வருவான் அமல்ராஜ்!

அப்படிப்பட்ட என் கடைக்கு ஒருநாள் தலையணை வாங்க வந்தார் தம்பி முகமது ஆசிக். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் கம்பெனி, மீதி நாள் சினிமாக் கனவு. திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, திருமுல்லைவாயிலில் குடியிருக்கிறார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, உங்க உயரத்துக்கும் தோளுக்கும் என் படத்துல ஒரு பெரிய வேஷம் இருக்கு. படம் பூரா வர்றீங்க."

என் நெஞ்சு நிமிர்ந்தது. நாக்கு துடித்தது. "வசனம் எவ்வளவு தம்பி?" என்றேன்.

"வசனமே கிடையாதுண்ணே."

"முகமாவது தெரியுமா?"

"முகமூடிண்ணே."

மேடையே மூச்சாக வாழ்ந்தவனுக்கு மொழியும் இல்லை, முகமும் இல்லை! என்ன முகமூடி தெரியுமா? புதுக் கட்டடங்களில் கட்டித் தொங்கவிடுவோமே, முழியை உருட்டி, மீசையை முறுக்கி, நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு திருஷ்டி பொம்மை, அந்த முகம்! என்னா தம்பி? "முகமூடி எதுக்கு அண்ணாத்தே, சும்மாவே அப்படித்தானே கீறே" என்கிறாயா? படம் முடியட்டும், வெளியே வா, பேசிக்கொள்வோம்.

படத்தின் பெயர் 'திரும்பத் திரும்பத் தீபிகா.' கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீபிகா என்று ஒரு பெண். அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறாள். அவளுக்குப் பிறந்தநாள். காலையில் எழுகிறாள், பால் பாக்கெட்டை எடுக்கிறாள், மாலையில் கேக் வெட்டப் போகிறாள். அந்த நேரம் பார்த்து ஒரு முகமூடிக்காரன் வந்து அவளையே வெட்டிவிடுகிறான்! செத்துப்போகிறாள். கண்ணைத் திறந்தால்? அதே காலை! அதே பிறந்தநாள்! அதே பால் பாக்கெட்! மறுபடி மாலை, மறுபடி முகமூடி, மறுபடி மரணம்! லிஃப்டில் போனால் லிஃப்டில் வெட்டு. படியில் போனால் படியில் வெட்டு. வெளியே போனால்தானே என்று கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தால், அங்கே அவளுக்கு முன்னாலேயே படுத்திருக்கிறேன் நான்! ஒருநாள் தலையில் குக்கரைக் கவிழ்த்துக்கொண்டு நடமாடுகிறாள். நான் காத்திருக்கிறேன். விசில் வந்ததும் வெட்டுகிறேன்.

சிரியுங்கள், சிரிக்கத்தான் எடுத்தோம். அருவாள் ரப்பர். ரத்தம் ரோஸ்மில்க் எசன்ஸ். ஒவ்வொரு கொலை முடிந்ததும் எறும்பு வரும், எறும்புக்கு முன்னால் குடியிருப்புக் குழந்தைகள் வரும். "ஆன்ட்டி, கையில கீற ரத்தத்த நக்கிக்கட்டுமா?" என்று பிணத்திடமே கேட்ட பிள்ளைகள் இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால் அன்பர்களே, நான் மைக்கைப் பிடித்தது தீபிகாவின் கதையைச் சொல்ல அல்ல. அதை இன்னும் சற்று நேரத்தில் திரையில் பார்க்கத்தான் போகிறீர்கள். தீபிகாவாக நடித்தாளே, எங்கள் பவித்ரா, அவளுக்கு நடந்ததைச் சொல்ல வந்தேன்.

முத்தாபுதுப்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம் அவளுடையது. அப்பா எத்திராஜ் அண்ணன் அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மகளைப் படிக்க வைத்தார். மகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. தெருவெல்லாம் சாக்லேட் கொடுத்தார். அந்த மகள் ஒருநாள் வந்து, "அப்பா, வேலைய விட்டுட்டேன், சினிமால நடிக்கப் போறேன்" என்றால் எப்படி இருக்கும்?

"இன்னா வேஷம்?" என்று கேட்டிருக்கிறார்.

"சாவுற வேஷம்பா."

"ஒரு தபாவா?"

"தினமும்பா. என் பொறந்தநாள் அன்னிக்கு."

அவ்வளவுதான். கையிலிருந்த காப்பி டம்ளர் வாசலுக்குப் பறந்தது. "பெத்தவன் உசுரோட கீறப்பவே, பொறந்தநாள் அன்னிக்கே சாவுறியா? ஊர் கூடி அத்தப் பார்த்து கை தட்டணுமா? போ! இனிமே இந்த ஊட்டுப் பக்கம் வராத. உன்ன தலைமுழுகிட்டேன்!"

அவர் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். சினிமாச் சாவுதானே என்று நமக்குத் தோன்றும். பெற்றவனுக்குப் பொய்ச் சாவென்று ஒன்று உண்டா?

பவித்ரா அம்பத்தூரில் ஒரு தோழியின் வீட்டில் தங்கிக்கொண்டு படப்பிடிப்புக்கு வந்தாள். வெட்டுப்பட்டுக் கிடப்பாள். "கட்" என்று சொன்னதும் எழுந்திருக்கமாட்டாள். தரையில் கிடந்தபடியே கைப்பேசியை எடுத்துப் பார்ப்பாள். வைத்துவிடுவாள். பக்கத்தில் திருஷ்டி முகத்தோடு நான் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் சொன்னாள்: "சண்டைன்னா கூட எங்கப்பா சாப்ட்டியான்னு கேட்டுட்டுத்தாண்ணே சண்டை போடுவாரு."

அந்தப் பக்கம் முத்தாபுதுப்பேட்டையில் என்ன நடந்தது? தாய் கன்னியம்மாள் அக்கா பின்னாளில் என்னிடம் சொன்னார். அவர் சமையலறையில் நின்று மகளோடு போனில் பேசினால், கூடத்தில் டிவி சத்தம் தானாகக் குறையுமாம். பேசி முடித்ததும் தானாகக் கூடுமாம். தலைமுழுகிய மனிதரின் காது மட்டும் நனையவே இல்லை!

கடைசிக் காட்சி எடுக்கிற நாள் வந்தது. கன்னியம்மாள் அக்கா சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார்: "இன்னிக்கு பவிய மொட்டமாடில வெட்றாங்களாம். இதான் கடைசி வெட்டாம்."

"வெட்டட்டும்."

கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு கேட்டார்: "எந்த மொட்டமாடி?"

கையைக் கழுவிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். "போய் நாலு வார்த்த நல்லா கேட்டுட்டு வரேன். முடியப் புடிச்சி இஸ்துகினு வரேன்."

கன்னியம்மாள் அக்கா மறுக்கவில்லை. ஒரு டிபன் கேரியரை அவர் கையில் கொடுத்தார். "தாராளமா திட்டு. இத்த குட்த்துட்டுத் திட்டு."

உள்ளே என்ன? நெத்திலி மீன் குழம்பு! ஆத்திரத்தோடு கிளம்பிய மனிதர், அது சிந்தாமல் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, மேடு பள்ளம் பார்த்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாரே, அந்தக் கோபத்துக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

இங்கே மொட்டைமாடியில் நாங்கள் தயார். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தீபிகா இடறி விழ வேண்டும். நான் அருவாளை ஓங்க வேண்டும். அவள் "போதும்!" என்று கத்தி, அருவாளைப் பிடுங்கி, என்னை வெட்டிவிட வேண்டும். சுழற்சி முடிய வேண்டும். ஆசிக் எழுதியது அப்படி. லிஃப்டை நாங்கள் பிடித்து வைத்திருந்ததால் எத்திராஜ் அண்ணன் அத்தனை மாடியும் படியேறி வந்துகொண்டிருந்தார் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

பவித்ரா விழுந்தாள். ரோஸ்மில்க் வழிந்தது. நான் ஓங்கினேன். அவள் "போதும்" என்று சொல்ல வாயைத் திறந்தாள். என்ன நினைத்தாளோ, எந்த நாளின் களைப்போ, எந்த இரவின் ஏக்கமோ, "அப்பா!" என்று கத்திவிட்டாள்!

"டேய்ய்ய்!"

மாடிக் கதவு படாரென்று திறந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் என் தோளில் இடி இறங்கியது. இடியல்ல அன்பர்களே, டிபன் கேரியர்! அடுக்கு அடுக்காக அன்னையின் அன்பு! குழம்பு என் முகமூடிக்குள் வழிந்தது. நீட்டிய நாக்கில் நெத்திலி தொங்கியது. நான் மல்லாந்தேன்.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டார். வேட்டியைக் கிழித்து அவள் கழுத்தில் அழுத்தினார். "ஆம்புலன்ஸ கூப்புடுங்கடா! இன்னாடா நின்னுகினு வேடிக்க பார்க்கிறீங்க! பவி! கண்ணத் தொற! அப்பா வந்துட்டேன், கண்ணத் தொறம்மா!"

அவள் கண்ணைத் திறந்தாள். "அப்பா... இது ரோஸ்மில்க்குப்பா."

மோந்து பார்த்தார். மகளைப் பார்த்தார். கிழிந்த வேட்டியைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தோம். அந்தப் பெரிய மனிதர் தலையில் அடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதார். அவளும் அழுதாள். மாடியில் காய்ந்த துணிகளைத் தவிர வேறெதுவும் அசையவில்லை.

வெகுநேரம் கழித்துத்தான் கீழே ஒருத்தன் முனகுவது அவர் காதில் விழுந்தது. வந்து முகமூடியைக் கழற்றினார். "அடப்பாவி! மெத்தக் கட அமல்ராஜா? உன்னாண்டதானே மெத்த வாங்கினேன்?"

"ஆமாண்ணே. நல்லாத் தூக்கம் வருதா?" என்றேன். என் தோள் எலும்பு விரிசல் விட்டிருந்தது. வியாபாரம் விரிசல் விடலாமா?

இப்போதுதான் கவனிக்க வேண்டும். தம்பி ஆசிக் மலைத்துப்போய் "கட்" சொல்லவே மறந்துவிட்டார். கேமரா எல்லாவற்றையும் பிடித்துவிட்டது. எந்த எழுத்தாளனுக்கும் எட்டாத முடிவு எங்கள் கையில்! ஆசிக் மெல்லப் போய்க் கேட்டார்: "இத படத்துல வச்சுக்கிடட்டுமாய்யா?"

எத்திராஜ் அண்ணன் முகம் சிவந்தது. "நான் அழுவுறத ஊர் பார்க்கணுமா? அழிச்சிடு."

பவித்ரா என்ன செய்தாள் தெரியுமா? அந்தக் காட்சி இருந்தால் படம் நிற்கும், இல்லையென்றால் படுக்கும் என்று அவளுக்குத் தெரியும். வேலையை விட்டு, வீட்டை விட்டு வந்தது அந்தப் படத்துக்காகத்தான். அவள் சொன்னாள்: "எங்கப்பா வேணாம்னா வேணாம் ஆசிக். அது எனக்காக அழுதது. படத்துக்காக இல்ல."

சொல்லிவிட்டு அப்பாவின் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

பவித்ராவைக் கூப்பிட்டு வேறு முடிவுக் காட்சி எடுத்துப் பார்த்தோம். கையில் கட்டோடு கொலை செய்ய வந்தேன். பார்த்தவர்களுக்குப் பயமா வந்தது? பரிதாபம் வந்தது! "பாவம், உக்காரச் சொல்லுங்க" என்றார் நமது தலைவர் சாமுண்டீஸ்வரி அம்மையார். எடுத்ததெல்லாம் பொய்யாக இருந்தது. முடிவில்லாத படம் முடங்கிக் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆசிக் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. நானும் அங்கே இருந்தேன். திறந்தால் எத்திராஜ் அண்ணன். மகளிடம் சொல்லாமல் தனியாக வந்திருந்தார். "போட்டுக் காட்டு. முழுசா" என்றார்.

ஆசிக் போட்டார். ஊரே சிரிக்கப்போகிற படத்தை, ஒரு மனிதர் சிரிக்காமல் பார்த்தார். மகள் லிஃப்டில் செத்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டார். படியில் செத்தாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். குக்கர் வந்தபோது மட்டும் உதட்டோரம் லேசாக அசைந்தது. நான் பார்த்தேன், சத்தியம்! கடைசியில் அந்த மொட்டைமாடி வந்தது. "அப்பா!" என்ற குரல் வந்தது. கதவு திறந்தது. அவர் ஓடி வந்தார். அவரே அவரைப் பார்த்தார்.

படம் நின்றது.

"தம்பி," என்றார். "இவ்ளோ தபா சாவுது பொண்ணு. நான் கடைசிலதான் வரேனா?"

"ஆமாய்யா."

"லேட்டு. ரொம்ப லேட்டு." எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினார். "வச்சிக்கோ. ஆனா ஒண்ணு. கதவாண்டேந்து தொட்டி வரிக்கும் ஓடியாறேன் பாரு, அத்த கொஞ்சம் வெட்டிடு. சீக்கிரமா வந்துட்டா மாதிரி போடு."

ஆசிக் வெட்டினார். கண்ணீரைத் துடைத்துத் துடைத்து வெட்டினார்.

என் உயிரினும் இனிய உறவுகளே! தீபிகாவுக்கு அதே நாள் திரும்பத் திரும்பக் கிடைத்தது. தவறினால் மறுபடி ஒரு காலை, மறுபடி ஒரு பால் பாக்கெட். நமக்கு யார் தருவார்? பேசாமல் விட்ட பிள்ளையோடு பேச, யார் தருவார் இன்னொரு நேற்று? கோபித்துக்கொண்டு போன தம்பியைக் கூப்பிட, யார் தருவார் இன்னொரு தீபாவளி? நமக்குப் படத்தொகுப்பாளர் கிடையாது. தாமதமாக ஓடினால் தாமதம்தான்! ஆகவே ஓடுங்கள்! திட்டுவதற்காகவாவது ஓடுங்கள்! கையில் எதையாவது எடுத்துக்கொண்டு ஓடுங்கள்! யார் தோள் எலும்பு போனாலும் போகட்டும், ஓடுங்கள்!

எத்திராஜ் அண்ணன் வந்திருக்கிறார். மேடைக்குக் கூப்பிட்டோம், வர மறுத்துவிட்டார். முன்வரிசையில் மகளுக்கும் மனைவிக்கும் நடுவில், அந்த நீலச் சட்டை... திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவார். இதோ, அவரே ஏதோ சொல்கிறார். என்னண்ணே?

"போதும் நைனா! எறங்கு! படத்தப் போடு!"

உத்தரவு வந்துவிட்டது. இடம் தந்த தலைவருக்கும், ஒலிபெருக்கியை அணைக்காமல் காத்த அன்பருக்கும், வாய்விட்டுச் சிரிக்கப்போகும் உங்களுக்கும் என் மெத்தென்ற நன்றி. கடைசியில் ஓர் இடத்தில் ஒரு மனிதர் கதவிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு ஒரே பாய்ச்சலில் வந்துவிடுவார். 'இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தார்?' என்று யாரும் கேட்காதீர்கள். பலமாகக் கை தட்டுங்கள்.

விளக்கை அணையுங்கள் தம்பி. எல்லோருக்கும் வணக்கம்!