மூணாவது வாசக்கால்

நானே நம்பலங்க. இருபது வருசமா நம்பல. சாமிக்கண்ணு மேஸ்திரி சொன்ன கதை. கள்ளு குடிச்ச வாயி, எப்படி நம்புறது? அதனாலதான் அந்தக் கடைசி வூட்டு சங்கதியக் கடைசியில சொல்றன்னேன். மெதுவா வாங்க, சாயங்கால ரயிலுக்கு நேரம் கீது. பையை இப்படிக் குடுங்க. வில்லியனூர் வந்து இந்தத் தெருவப் பாக்காம கப்பலேறிட்டா, சைகோன்ல போயி இன்னாத்த சொல்வீங்க?

இதோ, வளைவு வளைவா ஜன்னல் வச்ச மாடி, அரங்கநாதன் வூடு. புதுச்சேரியில வெள்ளக்காரத் தெருவுல ஒரு வூட்டப் பாத்துட்டு வந்து அச்சு அசலா கட்டிப்புட்டாரு. வெளிய நின்னுதான பாத்தாரு, உள்ள மாடிப்படி இருக்கும்னு ஞாபகம் வரல. மாடி முடிஞ்சப்பறம் படிக்கு எடமில்ல. ஏணிதான். ஆளு இம்மாம் பெரிசு, ஏணி தாங்காது. சொந்த மாடிய மனுசன் இன்னிவரைக்கும் பாத்ததில்ல. அவரு சம்சாரம் தையலம்மாள் மேல நின்னுகினு, தேரு எங்க வருதுன்னு கத்திக் கத்திச் சொல்லும். இவரு கீழ நாற்காலி போட்டுக்கினு தலையாட்டுவாரு. சிரிங்க, பரவால்ல, அவரே சிரிப்பாரு.

எதுத்தாப்புல மஞ்ச வூடு மரியதாசோடது. பதினாலு ஜூலை, வெள்ளக்காரன் திருநாளுக்கு பேண்டு வாசிக்கறவரு. ஜன்னல எண்ணுங்க. அஞ்சா? ரெண்டுதான் நெசம், மூணு சுவத்துல வரைஞ்ச சாயம். காத்துக்கு ரெண்டு போதும், கண்ணுக்கு அஞ்சு வேணும்னு வாதாடுவாரு. போன வருசம் ஒரு அணில் உள்ள பூறப் போயி மோதிக்கினு வுழுந்துச்சி. ஒரு வாரம் மடியில வச்சிக்கினு பாலு ஊத்தனாரு.

இன்னாது, படபடன்னு பேசறனா? எங்க வூட்ல கேட்டா, நான் வாயே தொறக்கறதில்லம்பாங்க. உக்காந்தா யோசனை, எழுந்தா யோசனை, அம்பத்திமூணு வயசும் அப்படியே போச்சி. இன்னிக்கு வாயி நிக்கல.

அதோ, பச்ச ஜன்னல் மாடி. நீங்க கேட்ட உலகநாதன் வூடு. நாப்பது வருசத்துக்கு முன்ன சைகோன்லேந்து வந்து கட்டனாரு. மேல மூணு ரூம்பு. எங்க பக்கம் ஒரு பழக்கம். புள்ளைக்கொரு ரூம்புன்னு கட்டனா, அந்தந்தப் புள்ளையே வாசக்காலுக்குப் பொட்டு வச்சி, கையால தொட்டு நிறுத்தணும். உலகநாதனுக்குப் புள்ளைங்க ரெண்டு. ரெண்டு வாசக்கால் நட்டதத் தெருவே பாத்துச்சி. மூணாவது மறுநாள் விடியல்ல, அவரும் வூடு கட்டன சாமிக்கண்ணு மேஸ்திரியும் மட்டும். தொடறதுக்குப் புள்ள இல்ல. பொட்டிலேந்து ஒரு சின்னச் சட்டைய எடுத்து வாசக்கால்ல சுத்தி, நல்ல நேரம் முடியறவரைக்கும் புடிச்சிக்கினே நின்னாராம். சட்டைக்குப் பித்தான் இல்ல, துணியிலயே முடிச்சின்னாரு மேஸ்திரி. முடிச்சி வச்ச சட்டைய இந்த ஊர்ல எவன் பாத்தான்? அதாலயே கதை பொய்யின்னு நெனச்சன்.

அந்த ரூம்பு அன்னிலேந்து பூட்டுதான். அவரு போயிட்டாரு, அம்மாவும் போயிட்டாங்க, அப்பவும் தொறக்கல. நம்பாமதான் தொறக்கலியா, நம்பிட்டதால தொறக்கலியா? அத்த எத்தினியோ நாளு யோசிச்சிருக்கன்.

காலைல ரயிலடியில போட்டோவ நீட்டி, இதுல நிக்கறவரு வூடு எதுன்னீங்க. அவர எங்க பாத்தன் நான்? அவரு இடுப்புல குந்திக்கினு இருக்கற புள்ளையத்தான் பாத்தன். எடுங்க, இன்னொரு தபா காட்டுங்க. புள்ள சட்டையில பித்தான் எங்க கீது? அஞ்சு முடிச்சி. நல்லா எண்ணிட்டன்.

காப்பி வாங்கிக் குடுத்து உக்கார வச்சிட்டு எங்க ஓடுனேன்னு கேட்டீங்களே. மேஸ்திரி வூட்டுக்குத்தான். இந்த வயசுல அந்த ஓட்டம். எழுபத்தெட்டு வயசு அவருக்கு, கண்ணு தெரியாது, கயித்துக் கட்டில்ல படுத்திருந்தாரு. இருபது வருசமா குடிகாரன்னு சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னுதான் போனன். அந்தப் பேச்சே வரல.

ரயிலு டிக்கெட்ட இங்க குடு. இன்னாத்துக்கு அப்படிப் பாக்கற? உலகநாதனோட ரெண்டு புள்ளையில பெரியவன் நான்தான், சொல்லலியா? மேஸ்திரி கையப் புடிச்சிக்கினு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டன்: எந்தம்பி வந்துக்கீறான் மேஸ்திரி, நாப்பது வருசப் பூட்டு, எண்ணெ வுட்டாத் தொறக்குமா?