எனக்கு மட்டும் வரல

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் கிளம்பக் காத்திருந்தது. பின்சீட்டில் இரண்டு காலேஜ் பெண்கள். ஒருத்தி சொன்னாள்:

"எனக்கும் மெட்ராஸ் ஐ வந்திருக்கலாம்டி."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. காதை மட்டும் அங்கேயே வைத்துக்கொண்டேன்.

"கிறுக்கச்சி. யாராச்சும் கண்ணு வலிக்கு ஏங்குவாங்களா?"

"ஹாஸ்டல்ல எங்க ரூம்ல எல்லாருக்கும் வந்துச்சு, எனக்கு மட்டும் வரல. எப்படிப் பரவுச்சுன்னு விசாரிக்க ஒரு டாக்டரம்மா வந்தாங்க. யாரு கண்மைய யாரு போட்டீங்க, யாரு துண்ட யாரு எடுத்தீங்கன்னு கேட்டாங்க. ஒருத்திய ஒருத்தி கை காட்டிச் சிரிக்கிறாளுக."

"நீ யாரக் காட்டுன?"

"யாரக் காட்ட? என்னையவும் யாரும் காட்டல. டாக்டரம்மா என் தோளத் தட்டி, 'இந்தப் பொண்ணு எம்புட்டுச் சுத்தம், பாத்துக் கத்துக்கங்க'ன்னு சொன்னாங்க. எல்லாரும் கை தட்டுனாளுக."

பஸ் கிளம்பியது. ஒத்தக்கடை தாண்டியதும் முதலில் பேசியவளே மறுபடி ஆரம்பித்தாள்.

"ஹாஸ்டல்ல சேந்த அன்னைக்கே புது மை டப்பா வாங்கி ஜன்னல்ல வச்சேன்டி. யாராச்சும் எடுத்துப் போடட்டும்னு."

"போட்டாளுகளா?"

"காஞ்சே போச்சு."