பத்து மணிக்கு மின்னும் எலிகள்

— மறுபடியும் கேக்கறேன் பெரியநாயகம் ஐயா. இந்த ஆறு எலிக்கும் நான் மருந்தே குடுக்கல. அப்புறம் ஏன் தினம் பத்து மணிக்கு மூளையில பச்சை வெளிச்சம் ஏறுது?

— பத்து மணிக்குத் திண்டிவனம் பஸ்ஸு ஹாரன் அடிப்பான் ஜாக்குலின் மேடம். எலிக்கு அதுல ஒரு குஷி. விக்கிரவாண்டி டோல்கேட்டுல ஒரு பெருச்சாளி, ஹாரன் கேட்டா எழுந்து நின்னு சலாம் போடும். அதுக்குப் பதில் சலாம் போடாத லாரி எதுவும் ஊர் போய்ச் சேர்ந்ததில்ல.

— கதை வேணாம். அந்த நேரத்துக்குக் கூண்டு கழுவ வர்றது நீங்க. உள்ள மல்லாட்டைத் தோலு கெடக்குது.

— ஆளுக்கு ஒரு கடலைதான் மேடம். மருந்து துன்ன எலிங்க ஓடியாடிக்கினு இருக்குது, இதுங்க மூலையில சுருண்டுக்கினு கெடக்குது. மனசு கேக்கல. குடுத்து நாலு நாள்ல உங்க கம்ப்யூட்டர்ல ரெண்டு கூட்டமும் ஒண்ணா மின்னுச்சு. நல்லாயிடுச்சே!

— நல்லாகல ஐயா. அதுங்க மூளையில நாங்க ஒரு ஜீனை வச்சிருக்கோம். ஆசை வந்தா டோபமைன் சுரக்கும், அப்ப அது மின்னும். உங்க செருப்புச் சத்தம் கேட்டதும், தீனி வருதுன்னு சுரந்திருக்கு. ரெண்டு நிமிஷ ஆசை. நோய் அப்படியேதான் இருக்குது. நாலு மாச வேலை போச்சு!

— அப்ப மருந்துதான் வேலை செஞ்சுதா?

— ஆமா.

— நீங்கதான போன்ல யார்கிட்டயோ சொன்னீங்க, இந்த மருந்தே தேவையில்ல போலன்னு?

— உங்க மல்லாட்டை தெரியாம சொன்னது. ஏன் மூஞ்சி இப்படிப் போவுது?

— அக்னஸு மனசு நோய்க்குப் போடறது அதே மாத்திரைதான் மேடம். அதே பேரு.

— உங்க வீட்டுக்காரம்மாவா? என்ன பண்ணீங்க?

— மாத்திரை போட ஆரம்பிச்சதுலேருந்து என் கதைக்கு அவ சிரிச்சதே இல்ல. பன்னெண்டு வருஷம். மருந்தில்லாத எலியே மின்னுது, இவளுக்கு எதுக்குன்னு நிறுத்திட்டேன்.

— எத்தனை நாளாச்சு?

— இருவது.

— ஐயோ! டாக்டரைக் கேட்டீங்களா?

— எலியத்தான் கேட்டேன்.

— கெளம்புங்க, என் வண்டியிலயே போய் அவங்களக் கூட்டிக்கினு டாக்டர்கிட்ட போலாம். நானும் வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கணும். இப்ப எப்படி இருக்காங்க?

— போன வாரம் என் கதைக்குச் சிரிச்சா மேடம், வயித்தப் புடிச்சிக்கினு. எனக்கும் சந்தோசம், இன்னும் ரெண்டு சேத்து விட்டேன். மூணு நாளா நான் வாயே தெறக்கல. அவ சிரிப்ப நிறுத்தல.